மலைநாட்டில் ஓட்டோ கியர் கார்: இறக்கமும் பிரேக்கும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலைநாட்டில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் கார் ஓட்டப் பழக்குவது என் தொழில். 2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்ததிலிருந்து, பழக வருகிறவர்கள் கொண்டுவருகிற கார் அநேகமாக ஓட்டோ கியர்தான். கொழும்பில் ஓட்டும்வரை யாருக்கும் சந்தேகம் வராது. முதல் பெரிய இறக்கத்தில் வரும், உடனே போனும் வரும். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலையும் கீழே வைத்திருக்கிறேன்.

மாஸ்டர், லீவர்ல இத்தனை எழுத்து எதுக்கு? நான் டீயை மட்டும்தானே தொடுறேன்?

பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், முன்னால் ஓடுவதற்கான டீ (டிரைவ்) ஆகிய நான்கும் அநேகமாக எல்லாக் காரிலும் உண்டு; ஏஜிஎஸ் ஆல்டோவில் மட்டும் பார்க் இல்லை. டீக்குக் கீழே இருப்பதுதான் காருக்குக் கார் மாறும். கொரோலா 121 போன்ற பழைய கார்களில் 2, எல் என்று இருக்கும். லீவரின் பக்கத்தில் ஓவர்டிரைவை, அதாவது கடைசி மேல் கியரை, நிறுத்தும் சின்னப் பட்டனும் இருக்கும். கியர்ப் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடுகிற சிவிடி கார்களில் எஸ், எல், அல்லது இரண்டில் ஒன்று. டொயோட்டா ஹைபிரிட்டிலும் நிசான் லீஃப் மின்சாரக் காரிலும் பி. மெனுவல் பெட்டியின் கிளச்சையும் கியரையும் தானே மாற்றுகிற ஏஜிஎஸ் ஆல்டோவில் எம் பக்கம் தள்ளிவிட்டு நீங்களே கியரைக் கூட்டலாம், குறைக்கலாம்.

இறக்கத்தில் வண்டி பாயாமல் பிடித்துவைப்பது இந்தக் கீழ்ப்பக்கம்தான். சமவெளியில் அது தேவைப்படுவதே அபூர்வம். நம் ஊரில் அது தினமும் தேவை. உங்கள் காரில் டீக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இன்றைக்கே வாசலில் நிறுத்திப் பார்த்துவிடுங்கள். றம்பொடை வளைவில் குனிந்து தேடுகிற பொருள் இல்லை அது.

கார் தானாவே கியர் மாத்துமே. இறக்கத்துலயும் டீயிலேயே வந்தா என்ன?

கியர்பெட்டிக்கு மலை தெரியாது. அதற்குத் தெரிவது உங்கள் கால் எக்ஸிலரேட்டரில் இருக்கிறதா, சில்லு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதுதான். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டீர்கள், வேகமோ கூடிக்கொண்டு போகிறது. ‘இவருக்கு இழுவை வேண்டாம், சும்மா போகிறார்’ என்று நினைத்து அது மேல் கியருக்கு ஏறிவிடும். மேல் கியரில் என்ஜின் பிடிக்கவே பிடிக்காது. வண்டி அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடும். மிச்ச வேலை முழுவதும் பிரேக் தலையில்.

புதிய கார்கள் சிலவற்றில், இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டதும் கியர் தானாக ஒரு படி இறங்கும். அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் வளைவுக்கு முன்னால் இறங்குமா பின்னால் இறங்குமா என்பது அதன் இஷ்டம். லீவரை நீங்கள் இழுத்தால் உங்கள் இஷ்டம்.

பிரேக் இருக்கிறதே பிடிக்கத்தானே? டிஸ்க் பிரேக், புது பேட் எல்லாம் போட்டிருக்கேன்.

ஒரு கணக்குப் பாருங்கள். நுவரெலியா நகரம் 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு வரும்போது ஏறத்தாழ 1400 மீட்டர் இறங்குகிறீர்கள். நாலு பேரும் பெட்டியுமாக 1400 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கினால் வெளிவரும் சக்தி சுமார் 19 மெகாஜூல். ஐம்பது லீட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் என்ஜினுக்குப் போக வேண்டும், அல்லது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற உள்ளங்கை அளவு பேட்டுகளுக்குப் போக வேண்டும். வேறு வழி இல்லை.

பேட் ஒரு அளவுக்கு மேல் சூடானால் பிடிமானம் குறைந்துவிடும். நீங்கள் அதே அளவு மிதிப்பீர்கள், வண்டி முன்னைப்போல நிற்காது. இன்னும் அழுத்துவீர்கள், இன்னும் சூடாகும். புது பேட் என்பதால் இது வராமல் இருக்காது. சொல்லப்போனால் பழகாத புது பேட்டில் சீக்கிரமே வரலாம்.

அப்ப எந்த இடத்துல, எந்த கியர்?

பழைய லொறி டிரைவர்மார் சொல்கிற கணக்கே இதற்கும் போதும்: ஏறும்போது என்ன கியர் கேட்குமோ, இறங்கும்போதும் அதே கியர். பழைய நாலு கியர் கார் என்றால் முதலில் ஓவர்டிரைவை நிறுத்துங்கள், போதாவிட்டால் 2. எல் என்பது தோட்டத்துக் கொங்கிரீட் பாதை மாதிரி நடை வேகத்தில் இறங்குகிற இடத்துக்கு. சிவிடியில் முதலில் எஸ், பிறகு எல். துடுப்பு மாதிரி மாற்றி ஸ்டியரிங்கில் இருந்தால் இடதுபக்கத்தை ஒவ்வொன்றாக இழுங்கள்.

சரியான கியரில் இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள மீட்டர் பார்க்கத் தேவையில்லை. நேரான இறக்கத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். வேகம் மெல்லக் கூடினால் சரி, வளைவுக்கு வளைவு ஒரு மிதி போதும். எடுத்தவுடன் பாய்ந்தால் இன்னொரு படி இறக்குங்கள். எக்ஸிலரேட்டர் மிதித்தால்தான் நகர்கிறது என்றால் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள்.

முக்கியமானது நேரம். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு என்றால் தேயிலைச் சரிவு கண்ணில் படுமுன், ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு என்றால் நகரத்தைத் தாண்டியதும், எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு என்றால் இராவணா எல்ல அருவிக்கு முன்பே. வேகம் ஏறியபிறகு லீவரை இழுத்தால் பெட்டி பல வேளை மறுத்துவிடும், அல்லது வண்டி குலுங்கும். அப்படியானால் முதலில் பிரேக்கில் வேகத்தைக் குறைத்துவிட்டு இழுங்கள்.

எல்லுக்கு இழுத்தா என்ஜின் கத்துது. உடைஞ்சிடாதா? பெட்ரோலும் குடிக்குமே?

சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். சிவப்புக் கோட்டைத் தொடாதவரை மூவாயிரம், நாலாயிரம் சுற்று என்பது அந்த என்ஜினுக்குச் சாதாரணம். மேடு ஏறும்போதும் அதே சத்தம்தான் போடுகிறது, அப்போது யாரும் கேட்பதில்லை.

பெட்ரோல் விஷயம் நீங்கள் நினைப்பதற்கு நேர்மாறு. இன்ஜெக்டர் உள்ள எந்தக் காரிலும் கியரில் இருக்கும்போது எக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் பெட்ரோல் வருவதே நின்றுவிடும். சில்லுதான் என்ஜினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்கும்.

நியூட்ரல்ல விட்டா நல்லா போகுது மாஸ்டர். எங்க அப்பா லொறியில அப்படித்தான் வருவாரு.

உங்கள் அப்பா கெட்டிக்காரராக இருந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தக் காலத்து கார்புரேட்டரில் கொஞ்சம் எண்ணெய் மிச்சமும் ஆகியிருக்கும். இப்போது அந்த மிச்சமும் இல்லை என்று மேலே சொல்லிவிட்டேன்.

நியூட்ரலில் என்ஜின் பிடி பூச்சியம். சில ஓட்டோ பெட்டிகளில் நியூட்ரலில் வேகமாக ஓடிவிட்டு டீக்குத் தள்ளினால் உள்ளே கிளச் தட்டுகளும் அடிவாங்கும். இன்னும் மோசம் என்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுவது. பிரேக்குக்கு உதவுகிற வெற்றிட டப்பாவில் இரண்டு மூன்று மிதிக்குத்தான் சரக்கு இருக்கும். பிறகு பெடல் கல்லாகும், ஸ்டியரிங்கும் இறுகும். சாவியைக் கழற்றினால் ஸ்டியரிங் பூட்டியே போகும்.

பிரேக்கை லேசா மிதிச்சுக்கிட்டே வர்றது நல்லதா, விட்டு விட்டு மிதிக்கிறது நல்லதா?

விட்டு விட்டு. வேகம் 40 வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 40 தாண்டியதும் உறுதியாக ஒரு மிதி மிதித்து 30க்குக் கொண்டுவந்து, முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில் பேட்டும் டிஸ்க்கும் காற்று வாங்கும். லேசாக வைத்துக்கொண்டே வந்தால் ஆறுவதற்கு இடைவெளியே கிடையாது. பின்னால் வருகிறவருக்கும் உங்கள் சிவப்பு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். எப்போது நிஜமாகப் பிடிக்கிறீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வளைவுக்குள் போய்ப் பிரேக் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன்னால் பிடித்து முடித்து, விட்டுவிட்டுத் திருப்புங்கள். பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தால் வாந்தி குறைவதிலேயே வித்தியாசம் தெரியும்.

இடது கால் சும்மாதானே இருக்கு? பிரேக்குக்கு அதை வைக்கலாமா?

வேண்டாம். மெனுவல் ஓட்டியவரின் இடது கால் கிளச்சை அடிமட்டும் அமுக்கிப் பழகியது. அதே பழக்கத்தில் பிரேக்கை அமுக்கினால் பின்னால் வருகிற வேன் உங்கள் டிக்கிக்குள் வந்துவிடும். பதற்றத்தில் இரண்டு காலும் ஒரே நேரத்தில் இரண்டு பெடலையும் அமுக்குகிற ஆபத்து அதைவிடப் பெரிது. வலது குதிகாலைப் பிரேக்குக்கு நேரே தரையில் ஊன்றி, விரலை மட்டும் எக்ஸிலரேட்டருக்குத் திருப்புங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று: தண்ணீர்ப் போத்தலைச் சீட்டுக்கடியில் போடாதீர்கள். இறக்கத்தில் அது உருண்டு முன்னால் வந்து பிரேக் பெடலுக்குப் பின்னால் சிக்கும். தரை விரிப்பு இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் போடுவதும், வாரில்லாத செருப்போடு ஓட்டுவதும் அதே வகை.

மேட்டுல நிப்பாட்டி எடுக்கும்போது பின்னால உருளுது. ஓட்டோன்னா உருளாதுன்னு சொன்னாங்களே?

லேசான மேட்டில் உருளாது. டீயில் வண்டிக்குத் தானாக நகரும் குணம் இருப்பதால் அது தாங்கும். தோட்டத்து லயவீடுகளுக்கு ஏறுகிற பாதை மாதிரி செங்குத்தில் அந்தத் தாங்கல் போதாது. நுவரெலியா உயரத்தில் காற்று கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு ஐதாக இருப்பதால் சாதாரணப் பெட்ரோல் என்ஜினின் இழுவையும் குறையும். 660 சிசி கார் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். டீயில் போட்டு எக்ஸிலரேட்டரை மெல்லக் கொடுங்கள். வண்டியின் பின்பக்கம் சற்று அமுங்கி, போக எத்தனிக்கிறது என்று சீட்டிலேயே தெரியும். அந்த நேரம் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். மேட்டுத் தாங்கி (ஹில் அசிஸ்ட்) உள்ள காரில் பிரேக்கை விட்டபிறகும் ஓரிரு விநாடி அதுவே பிடிக்கும், அந்த இடைவெளியில் காலை மாற்றினால் போதும்.

நெரிசல்ல மேட்டுல நிக்கும்போது எக்ஸிலரேட்டரை லேசா கொடுத்து அப்படியே பிடிச்சு வச்சுக்கலாமா?

கூடாது. சாதாரண ஓட்டோவில் கியர் எண்ணெய் சூடாகும். ஏஜிஎஸ்ஸிலும் ஹொண்டாவின் இரட்டைக் கிளச் பெட்டியிலும், அதாவது ஜிபி5 ஃபிட், வெசல் ஹைபிரிட், கிரேஸ் போன்றவற்றில், உள்ளே இருப்பது மெனுவல் காரில் இருப்பதைப் போன்ற உராய்கிற கிளச். பாதிக் கிளச்சில் நிற்பதும் இதுவும் ஒன்றே. ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியா வீதி அடைபட்டுக் கிடக்கும்போது ஓரங்கட்டி நிற்கிற வெசல்களில் பல, பெட்டி சூடென்று எச்சரிக்கை காட்டியவை.

முன்னால் உள்ள வண்டி ஒரு முழம் நகர்ந்ததும் நீங்களும் ஒரு முழம் நகராதீர்கள். பிரேக்கிலேயே நின்று, இரண்டு கார் அளவு இடம் கிடைத்தபின் ஒரே மூச்சாக ஏறுங்கள். எச்சரிக்கை வந்துவிட்டால் சமதரையில் நிறுத்தி, பார்க்கில் (ஏஜிஎஸ் என்றால் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக்கோடு) போட்டு, என்ஜின் ஓடவிட்டு ஆறவிடுங்கள்.

பார்க்ல போட்டா போதாதா? ஹேண்ட்பிரேக் எதுக்கு?

பார்க் என்பது பெட்டிக்குள் ஒரு பல்சக்கரத்தில் மாட்டுகிற சின்ன இரும்புக் கொக்கி. சரிவில் முழுக் காரும் அந்தக் கொக்கியில் தொங்கினால், மறுநாள் காலையில் லீவரை எடுக்கும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது கொக்கி பிடுங்கி வருகிற சத்தம்.

ஒழுங்கு இதுதான். கால் பிரேக்கில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, காலை மெல்ல எடுத்து வண்டி ஹேண்ட்பிரேக்கில் உட்காரட்டும். பிறகு மறுபடி மிதித்து பார்க்கில் போடுங்கள். முகம் கீழே பார்த்து நின்றால் முன்சில்லை வீதியின் ஓரத்துப் பக்கம் திருப்பிவையுங்கள். உருண்டாலும் ஓரக்கல்லிலோ மண்மேட்டிலோ முட்டி நிற்கும். சில்லுக்குக் கல் வைப்பது பழைய வழக்கம் என்று சிரிக்காதீர்கள். ஆனால் கிளம்பும்போது அந்தக் கல்லை நடுரோட்டில் விட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது! இரவில் மோட்டர் சைக்கிளில் வருகிறவனுக்கு அது எமன்.

என்னுது டொயோட்டா அக்குவா ஹைபிரிட். பிரேக் பிடிச்சா பேட்டரி சார்ஜ் ஆகும், அதனால இந்தச் சூட்டுக் கதை எனக்கு இல்லைதானே?

கொஞ்ச தூரத்துக்கு இல்லை. மேலே 19 மெகாஜூல் என்று சொன்னேன். கரண்ட் கணக்கில் அது 5 யூனிட்டுக்கு மேல். முதல் தலைமுறை அக்குவாவின் ஹைபிரிட் பேட்டரி முழுக் கொள்ளளவே 1 யூனிட்டுக்குக் குறைவு, அதிலும் ஒரு பகுதியைத்தான் பாவிக்கும். நுவரெலியாவிலிருந்து புறப்பட்டு றம்பொடையைத் தாண்டுவதற்குள் திரையில் பேட்டரி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் மிதிப்பதெல்லாம் நேரே பேட்டுக்குத்தான் போகிறது. பெடலில் வித்தியாசம் தெரியாததால் பலர் கவனிப்பதே இல்லை.

அதற்காகத்தான் டீக்குக் கீழே அந்த பி. அதில் போட்டால் மோட்டர் வாங்குகிற சக்தியைக் கொண்டு என்ஜினையே சும்மா சுழற்றிச் செலவழிக்கும். பேட்டரி நிறைந்தபின் என்ஜின் திடீரென்று பெரிய சத்தம் போடும். கோளாறு இல்லை, வேலை செய்கிறது. சமவெளிக்கு வந்ததும் டீக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வீணாகப் பெட்ரோல் போகும்.

ஹைபிரிட்டில் இன்னொன்றும் பழக வேண்டும். மெல்லப் பிரேக் பிடித்து வரும்போது முன்சில்லு குழியிலோ ஈரத்திலோ ஒரு கணம் வழுக்கினால், மோட்டர்ப் பிடி விலகி பேட் பிடி வரும் இடைவெளியில் வண்டி விட்டுவிட்ட மாதிரி இருக்கும். பயந்து காலை எடுக்காதீர்கள். இன்னும் அழுத்துங்கள், பிடிக்கும்.

லீஃப் வச்சிருக்கேன். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு காலைல பண்டாரவளையில இருந்து இறங்குறேன். சரிதானே?

முழுதாகச் சார்ஜ் போட்டதுதான் சரியில்லை. நிறைந்த பேட்டரிக்கு இறக்கத்து மின்சாரத்தை வாங்க இடமில்லை, என்ஜினும் இல்லை. முதல் சில கிலோமீட்டர் வெறும் பேட்டில் இறங்குவீர்கள். மேலே தங்கினால் 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள். கீழே வரும்போது மிச்சத்தை மலையே நிரப்பித் தரும், கரண்ட் பில்லும் இல்லை.

கருகின மணம் வருது. தண்ணி ஊத்தலாமா?

ஊற்றாதீர்கள். சிவக்கச் சூடான டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது நெளியும், வெடிப்பும் வரலாம்.

மணம் வந்ததும் அடுத்த சமதரையில் ஓரங்கட்டுங்கள். பார்க்கில் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். பின்பிரேக்கும் சூடாக இருப்பதால் இயன்றால் ஹேண்ட்பிரேக்கை அந்த நேரம் இறுக்கி இழுக்க வேண்டாம். சமதரை என்று சொன்னது அதற்காகத்தான். அரை மணிநேரம் தேத்தண்ணி குடியுங்கள். சில்லுக்குப் பக்கத்தில் கையை நீட்டினால் அனல் அடிக்கக் கூடாது; டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள். பிறகு முதல் கேள்விகளில் சொன்ன மாதிரி கியரில் இறங்குங்கள். மணம் மறுபடி வந்தால், அதுவும் ஒரே சில்லில் மட்டும் வந்தால், பேட்டை அமுக்குகிற பிரேக் கலிப்பர் இறுகிப்போய்ப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அது ஓட்டுகிற முறையால் தீராது, கராஜ் வேலை.

பெடல் சில நேரம் பஞ்சு மாதிரி உள்ள போகுது, சில நேரம் கல்லு மாதிரி நிக்குது. எது ஆபத்து?

இரண்டும், ஆனால் காரணம் வேறு. பெடல் இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடேறி வழுக்குகிறது, அல்லது வெற்றிட உதவி இல்லை. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழி வந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. இது முதலாவதைவிடப் பொல்லாதது, ஏனென்றால் அடுத்த மிதியில் ஒன்றுமே இல்லாமல் போகலாம்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டொட் 3 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். டொட் 4க்கு அதே கணக்கு 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ‘குறையவில்லையே, எதற்கு மாற்ற?’ என்று கேட்கிற கராஜ் பாஸ்மார் உண்டு. குறைந்ததற்காக மாற்றுவதில்லை, கிழடானதற்காக மாற்றுகிறோம் என்று சொல்லுங்கள்.

பனிமூட்டத்துல ஹெட்லைட் முழுசா போட்டா வெள்ளைச் சுவர் மாதிரி தெரியுது. ஹஸார்ட் போட்டுக்கிட்டு போகலாமா?

விளக்கைத் தாழ்த்துங்கள். உயர்த்திய வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஓடும்போது நான்கு சிக்னலையும் மினுக்காதீர்கள்; வலம் திரும்புகிறீர்களா, நின்றிருக்கிறீர்களா என்று பின்னால் உள்ளவருக்குப் புரியாது. ஓரங்கட்டி நின்றபிறகு மட்டும் போடுங்கள். கண்ணாடி உள்ளே மூடினால் துணியால் துடைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். குளிராக இருந்தாலும் ஏசியைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள், ஈரத்தை அது உறிஞ்சிவிடும்.

மழையில எல்லுக்கு இழுத்தேன், முன்பக்கம் வழுக்கின மாதிரி இருந்துச்சு. நீங்கதானே கியர்ல இறங்கச் சொன்னீங்க?

சொன்னேன், படிப்படியாக என்றும் சொன்னேன். நம் சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்சில்லுதான் இழுக்கும். ஈரத்தில், அதுவும் டர்பன்டைன் மரத்து இலை கொட்டிக் கிடக்கிற இடத்திலோ கொழுந்து லொறி சேறு இறக்கிவிட்டுப் போன வளைவிலோ, ஒரே இழுப்பில் எல்லுக்குப் போனால் என்ஜின் அந்த முன்சில்லை மட்டும் சட்டென்று தடுக்கும். திருப்புவதும் அதே சில்லு. இரண்டு வேலையையும் அதனால் செய்ய முடியாது. மழையில் வேகத்தைப் பிரேக்கில் முதலே இன்னும் குறைத்து, நேரான இடத்தில், ஒரு படி மட்டும் இறக்குங்கள்.

பிரேக்கில் சில்லு பூட்டாமல் பார்க்கிற ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் நடுங்கும், ‘கர்ர்’ என்று சத்தமும் வரும். காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே திருப்புங்கள். அதற்காகத்தான் அது. ஆனால் டயரில் பூ இல்லையென்றால் ஏபிஎஸ்ஸுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபின் பல இடங்களில் வீதியின் வெளி ஓரம் உள்ளே அரித்துப்போய்க் கிடக்கிறது. வழிவிடுகிறேன் என்று அந்த ஓரத்தில் ஏறாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

நான் கியர்ல மெதுவா இறங்குறேன், பின்னால பஸ்காரன் ஹோர்ன் அடிச்சே கொல்லுறான். என்ன செய்ய?

விட்டுவிடுங்கள். அகலமான இடம் வந்ததும் இடது சிக்னல் போட்டு ஒதுங்கி அவரை அனுப்பிவிட்டு உங்கள் வேகத்தில் வாருங்கள். அவர் அவசரத்துக்கு நீங்கள் வேகம் கூட்டினால் இரண்டு பேரின் பிரேக்கும் சூடாகும், அவர் பின்னால்தான் இருப்பார்.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த வீதியில் பஸ்ஸுக்கும் பார வாகனங்களுக்கும் தடை வந்தது. கார் போகலாம், ஆனால் ஓட்டோ கியர் புதிதென்றால் கொஞ்சம் சுற்றானாலும் பிரதான வீதியிலேயே போங்கள் என்பதே என் பேச்சு. ஒடுக்கமான இடத்தில் எதிரே வண்டி ஏறி வந்தால், இறங்குகிற நீங்கள் நின்று வழிவிட வேண்டும். மேட்டில் நின்று எடுப்பது அவருக்குத்தான் கஷ்டம்.

ஒருவேளை பிரேக்கே இல்லாம போனா? சட்டுனு பார்க்ல போடலாமா, என்ஜினை நிப்பாட்டலாமா?

இரண்டும் செய்யாதீர்கள். ஓடுகிற வண்டியில் பார்க் கொக்கி மாட்டாது, பல்லில் உரசித் தெறிக்கும். என்ஜினை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நியூட்ரல் கேள்வியில் சொல்லிவிட்டேன்.

பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள். எண்ணெயில் குமிழி என்றால் ஓரளவு அழுத்தம் திரும்பக் கூடும். அதே நேரம் லீவரை ஒவ்வொரு படியாகக் கீழே இழுங்கள். கை ஹேண்ட்பிரேக்குக்குப் போகட்டும். பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சில்லு பூட்டி வண்டி சுழலும். மின்சார ஹேண்ட்பிரேக் என்றால் அந்தச் சுவிட்சை விடாமல் இழுத்துப் பிடித்தால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். ஹோர்னையும் விளக்கையும் விடாதீர்கள். இவ்வளவும் போதாவிட்டால் பள்ளத்துப் பக்கம் பார்க்காமல் மலைப் பக்கத்து மண்திட்டிலோ கானிலோ பக்கவாட்டில் உரசவிடுங்கள். கார் போனால் போகட்டும். காயம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், பொலிஸுக்கு 119.

பேட்டரி செத்து மேட்டுல நிக்குது. மெனுவல் மாதிரி உருட்டி ஸ்டார்ட் எடுக்கலாமா?

முடியாது. என்ஜின் ஓடாதவரை சாதாரண ஓட்டோ பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் இல்லை. சில்லு சுழன்றாலும் அது என்ஜினுக்குப் போய்ச் சேராது. உருட்டுவதால் கிடைப்பது உதவியில்லாத பிரேக்கும் இறுகிய ஸ்டியரிங்கும்தான். ஜம்பர் வயரைப் பிடித்து எடுங்கள். ஹைபிரிட்டிலும் பெரும்பாலும் செத்திருப்பது சின்ன 12 வோல்ட் பேட்டரிதான், அதற்கும் ஜம்பர் போதும்.

லீவர் பார்க்கை விட்டு வரவில்லை என்றால் பல கார்களில் லீவருக்குப் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து சாவி முனையால் அமுக்கியபடி லீவரை இழுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கிறதா, சில்லுக்குக் கல் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் லீவர் வந்த கணமே கார் நகரும். இழுத்துக்கொண்டு போவதென்றால் முன்சில்லு இழுக்கிற காரின் முன்பக்கத்தைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும். ஹைபிரிட்டையும் லீஃபையும் முழுதாக லொறியில் ஏற்றச் சொல்லுங்கள்.